உறுமாத நாய்

டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது ஒன்பது. இன்னும் ஏழு ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் முடிந்து இந்தச் சனியனின் முறை வருவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும், நாயை ஏற்றிக்கொண்டு போக வருகிற சுத்தமல்லி வாழைத்தோட்டத்து இசக்கிப்பாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், அப்புறம் இன்னொரு நாள் இந்த மாட்டாஸ்பத்திரியில் இதே பெஞ்சில் இதே மூத்திர வாடையில் வந்து உட்கார வேண்டும் என்று ஆவுடையப்பன் நினைக்க நினைக்க, வலதுகைக் கட்டுக்குள் கடிவாய் விண் விண்ணென்று தெறித்தது. நாலு பல். நாலும் அச்சடித்த மாதிரிப் பதிந்திருந்தது. தர்மாஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்சு, "வளத்த நாயா தாத்தா?" என்று கேட்டாள். தாத்தா என்றதற்கே அவளை ஒரு பிடி பிடித்திருப்பார். ஊசி அவள் கையில் இருந்ததால் விட்டார். வளர்த்த நாய்தான். நாலு வருஷம் சோறு தின்ற நாய்தான். சோறு போடுகிறவள் கோமதி, வாஸ்தவம். ஆனால் அந்தச் சோற்றுக்கு அரிசி வாங்குகிற பென்ஷன் யாருடையது என்று நாய்க்குத் தெரிய வேண்டாமா? தெரியாது. சங்கிலி அவர் இடதுகையில் இருந்தது, அதன் மறுமுனையில் இருந்ததோ அவர் காலடியில் படுக்காமல் கோமதியின் சேலைக் கொசுவத்துக்குப் பின்னால் போய் முகத்தை ஒளித்துக்கொண்டு கிடந்தது. கோமதி பெஞ்சின் அந்தக் கோடியில், நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். சங்கிலியை அவளிடம் கொடுத்திருக்கலாம். அவள் கேட்கவில்லை, அவர் கொடுக்கவில்லை.

வலிகூடப் பெரிதில்லை. பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் கல்லூரி ஹாஸ்டலுக்கு வார்டனாக இருந்தவருக்கு வலி தெரியாதா? வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. கடிப்பதற்கு முன்னால் ஒரு சத்தம், ஒரு சின்னச் சத்தம் கொடுக்கவில்லை அந்தக் கழுதை. முந்தாநாள் காலையில் பேப்பர் படித்து முடித்து மடக்கி வைத்தார், கட்டிலுக்கு அடியில் அது கிடந்தது, கழுத்துப்பட்டை முறுக்கிக்கொண்டிருந்ததைச் சரிசெய்யலாம் என்று, நல்லதுக்குத்தான், "ஏட்டி, வா இங்க" என்றார். வந்தது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு வந்தது, மரியாதையாகத்தான் வந்தது. கையை நீட்டினார். அவ்வளவுதான். எந்த நேரத்தில் வாய் திறந்தது, எந்த நேரத்தில் மூடியது என்றே தெரியவில்லை. எதிரியாக இருந்தால்கூட ஒரு வார்த்தை ஏசிவிட்டுத்தான் அரிவாளை எடுப்பான். இது நயவஞ்சகம். ஹாஸ்டலில் ஒரு பையனுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துவதென்றால்கூட முதலில் நோட்டீஸ் ஒட்டுவார் அவர். நோட்டீஸ் ஒட்டாமல் ஒருத்தன் மேல் கை வைத்ததில்லை. சரி, வைத்திருக்கிறார், அது வேறு விஷயம், அப்போது அவசரம். ஆனால் உறுமலுக்கு வருவோம். எல்லா நாயும் உறுமுகிறது, தெருநாய்கூட உறுமிவிட்டுத்தான் கடிக்கிறது, இது மட்டும் ஏன் உறுமவில்லை என்று நினைத்த மனசு அந்த இடத்தில் ஒரு கல்லில் இடறியது போல நின்று, உடனே சுதாரித்து, வேறு பக்கம் நடந்தது. உறுமாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அது அவருடைய பெருமை. வ.உ.சி. மைதானத்தில் காலையில் தன்னோடு நடக்கிற ஆட்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். சோற்றுத்தட்டுப் பக்கம் போனால் குட்டியிலே உர்ரென்று ஒரு சத்தம் எழுப்பும். எதிர்த்துப் பேசுகிறதா நீ? பேப்பரைச் சுருட்டி மூஞ்சியில் ஒன்று. அடுத்த உறுமலுக்கு இன்னொன்று. மூன்றே மாசம். பிறகு தட்டைக் கையால் இழுத்தாலும் சத்தம் வராது. "நம்ம வீட்ல நாயிகூட எதுத்துப் பேசாது வே" என்று அவர் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் வீட்டு நாயெல்லாம் உறுமும். ஆனால் எதுவும் வீட்டுக்காரனைக் கடித்ததாகக் கேள்வி இல்லை. என்ன கேள்வி இல்லை? சொல்லியிருக்க மாட்டான்கள். வெட்கம்.

டோக்கன் எழுதுகிற ஜன்னலில் இன்னொரு அவமானம். "நாய் பேரு?" என்றான் உள்ளே இருந்தவன். பெயர் இருக்கிறது. வாயில் சொல்லக் கூசுகிற பெயர். மகள் செண்பகம் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது எங்கிருந்தோ இதைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அப்பன் ராஜபாளையம் போல வெள்ளை, ஆத்தாள் ஊரறிந்த தெருநாய், மேலெல்லாம் பழுப்பும் கறுப்புமாகத் தூவிக் கிடந்தது என்று அதற்கு மிக்சர் என்று பெயர் வைத்தாள். பலகாரக்கடையில் பொட்டலம் கட்டுகிற சாமானுக்கு உள்ள பெயரை உயிருக்கு வைப்பார்களா? அவர் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பெட்டை நாய், அதனால் ஏட்டி. ஏட்டி வா. ஏட்டி போ. ஏட்டி, எந்திரிச்சுப் போ அங்கிட்டு. அதில் ஒரு சங்கடம் இருந்தது. கோமதியையும் அவர் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார், ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர் என்ன சினிமாக்காரரா? முன்னறையிலிருந்து ஏட்டி என்றால் கட்டிலடியிலிருந்து ஒன்றும் அடுக்களையிலிருந்து ஒன்றும் கிளம்பும். செண்பகம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், அம்மா, ஒன்னையில்ல, மிக்சரை. கோமதியும் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. யாரைக் கூப்பிடுகிறோம் என்று குரலிலேயே தெரியவேண்டாமா? கூறு இருந்தால் தெரியும். "பேரு என்ன சார்?" என்று ஜன்னல்காரன் மறுபடி கேட்டபோது, "ஏதோ ஒண்ண எழுதும் வே" என்று அவர் சீறினார். பின்னால் இருந்து கோமதி, "மிக்சர்" என்று சொன்னாள். ஜன்னலுக்குள் சிரிப்பு. அவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அவள் தலையைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தாள். அது பெரிய அதிசயம் அந்த வேப்பமரம்.

எதிர்ப் பெஞ்சில் ஒருத்தி பஞ்சுப்பொதி போல ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு, வந்த நேரத்திலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். அதுவும் இங்கிலீஷில். "நோ ஸ்வீட்டி, சிட். மம்மி இங்கதான இருக்கேன். ஊசி ஒண்ணுதான், ஓகே?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தன் மாமியாரிடம் அவள் தமிழில்கூட ஒரு வார்த்தை பேசக் காணோம். இந்த ஊரில் நாய்க்கு மட்டும் எல்லாரும் துரையாகிவிடுகிறார்கள், வீட்டில் வா போ, நாயிடம் கம்மு, கோவு. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்கிற நாய்க்கு எதற்கு இந்த ஆங்கிலம் என்று அவர் பல்லைக் கடித்தார். ஆனால் அந்தப் பஞ்சுப்பொதி அவள் பேசும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, அவள் வாயையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தது. அது எரிச்சலாக இருந்தது அவருக்கு. ஏன் எரிச்சல் என்று தெரியவில்லை. இவருடைய நாய் இவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்காது. ஹாஸ்டலில் பையன்கள்கூட அப்படித்தான், அவர் வராந்தாவில் வந்தால் தரையைப் பார்ப்பார்கள், அதற்குப் பெயர்தான் மரியாதை. அவருக்கு முன்னால் இருந்த வார்டன் சாப்பாட்டுக்கூடத்து வாசலில் சணல் கட்டி ஒரு புகார் நோட்டைத் தொங்கவிட்டிருந்தார். சாம்பாரில் உப்பு இல்லை, தயிர் புளிக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கம் பக்கமாகத் திமிர். ஆவுடையப்பன் நோட்டைக் கழற்றவில்லை. எழுதியவன் யார் என்று கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, ஒவ்வொருத்தனாக அறைக்குக் கூப்பிட்டார். ஆறு மாசத்தில் நோட்டு சுத்தம். பிரின்சிபாலிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினார், ஒரு எழுத்து இல்லை பாருங்க சார். அந்த ஆடியில் ஒரு மத்தியானம் முன்னூற்றுப் பத்துத் தட்டு சாம்பார் சோற்றோடு ஒரே நேரத்தில் சுவரில் போய் மோதியது. ஒருத்தன் கத்தவில்லை. கோஷம் போடவில்லை. தட்டு விழுந்த சத்தம் மட்டும்தான், பிறகு முன்னூற்றுப் பத்துப் பேரும் வரிசையாக வெளியே போனான்கள். விசாரணையில் அவரைக் கேட்டார்கள், முன்கூட்டி ஏதாவது புகார் வந்ததா? இல்லை என்றார். சத்தியமான வார்த்தை. இப்போதும் சொல்லுவார். ஒரு புகாரும் வரவில்லை, நன்றிகெட்ட பயல்கள், நோட்டு காலியாகத்தான் இருந்தது.

பதினொன்று உள்ளே போனது. ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டே போனது. கோமதி மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன நினைக்கிறாள் இவள்? காலையில் தோசைக்கு உட்காரும்போது சொன்னார், டாக்டர்ட்ட காட்டி ஒரு பேப்பர் வாங்கிட்டு இசக்கிப்பாண்டி வண்டியில ஏத்தி விட்டுருதேன், அவன் தோட்டத்துக்குக் காவலுக்கு வேணுமாம். ஒரு சொல் இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். சரி என்றுகூடச் சொல்லவில்லை. சரி என்று சொல்லாதது சம்மதமா, இல்லையா? முப்பத்தொரு வருஷமாக அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், அதில் என்ன தப்பு? பிடிக்காவிட்டால் வாயில் கொழுக்கட்டையா? நாலு வருஷமாக அந்த நாயோடு அடுக்களையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டுதானே இருக்கிறாள், வெண்டைக்காய் விலையிலிருந்து செண்பகம் அனுப்பிய போட்டோ வரைக்கும் அதனிடம் ஒப்பிக்கிறாள், இவர் உள்ளே போனால் இரண்டும் நிறுத்திவிடும். நாயும் பேச்சை நிறுத்தும். நாய் எப்படிப் பேச்சை நிறுத்தும் என்று யாராவது கேட்டால் அவரால் விளக்க முடியாது, ஆனால் நிறுத்தும், வாசலில் நின்றாலே தெரியும், ஏதோ ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோன மாதிரி இருக்கும். செண்பகமும் இப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. நாலு இட்லி சாப்பிட்டாள். இன்னும் ஒரு கரண்டி சட்னி கேட்டு வாங்கினாள். வாரேன்ப்பா என்றாள். அன்றைக்குப் பதினொரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், யாரோ ஒரு ஓசூர்க்காரனுக்கு. முந்தின நாள் சண்டை உண்டா? இல்லை. அழுதாளா? இல்லை. மாப்பிள்ளை பார்த்திருக்கேன் என்று அவர் சொன்ன அன்றைக்குக்கூட ஒரு கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போனாள், தூக்கம் வருகிறது என்று அவர் நினைத்தார். "ஒன்ட்டயாவது சொன்னாளாட்டி?" என்று கோமதியைக் கேட்டார். இல்லை என்றாள். அப்போது நம்பினார். இப்போது இந்தப் பெஞ்சில், மூன்று வருஷம் கழித்து, கடிபட்ட கையோடு உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று தோன்றியது. இவளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்து, பார்த்துக்கொண்டு, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்திருப்பாளோ? இவளுக்கு இன்னும் என்னென்ன தெரியும்? நாய்கூட நாலு வருஷம்தான். இவள் முப்பத்தொரு வருஷம். அவர் சட்டென்று சங்கிலியைச் சுண்டினார், ஒரு காரணமும் இல்லாமல், அது கொசுவத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு, வேப்பமரத்தைப் பார்த்தது.

பதினேழு என்று கூப்பிட்டபோது மணி பன்னிரண்டே கால். டாக்டர் சின்னப்பெண், நஸ்ரின் என்று மேசையில் பெயர்ப்பலகை, மேலப்பாளையத்துப் பிள்ளையாக இருக்கும், செண்பகத்தின் வயதுதான். அவள் நாயைப் பார்க்காமல், கிட்டே வராமல், தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு கார்டைப் புரட்டினாள். நாற்காலி இருக்கும்போது தரையில் உட்காருகிற டாக்டரிடம் என்ன வைத்தியத்தை எதிர்பார்ப்பது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்சர் கோமதியிடமிருந்து நகர்ந்து போய் டாக்டரின் முழங்கையை மோந்து பார்த்தது.

"யாரைக் கடிச்சுது?"

"என்னத்தான். சோறு போட்டவனை."

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமிச்சா சார்?"

இந்தக் கேள்வியை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தட்டியது. பெரிய மேசை, மூன்று பேர், நடுவில் காலியான நோட்டு. உதறினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டு நாய் உறுமாது டாக்டர். குட்டியிலேயே அடிச்சு நிப்பாட்டிட்டேன். நீங்க யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க, நாலு வருஷமா ஒரு உறுமல் கெடையாது."

டாக்டரின் பேனா நின்றது. "எதால அடிச்சீங்க?"

"பேப்பரச் சுருட்டித்தான். வலிக்காது, சத்தம்தான் பெருசா இருக்கும்."

"உறுமுறது சண்டைக்கு வாரது இல்ல சார். எனக்குப் பிடிக்கல, கொஞ்சம் தள்ளிப் போங்கன்னு சொல்லுறது. அதச் சொல்லக் கூடாதுன்னுட்டீங்க. பிறகு அதுட்ட என்ன இருக்கு, பல்லுதான இருக்கு?" குரலை உயர்த்தாமல் சொன்னாள், அதுதான் அவருக்கு ஆகவில்லை. "சரி. கடிக்கிறதுக்கு முன்ன வேற என்ன செஞ்சுது?"

"ஒண்ணுஞ் செய்யல. அதத்தான சொல்லுதேன். திடீர்னு."

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுது" என்றாள் கோமதி. கதவோரத்தில் நின்றிருந்தாள். பேச்சு அவரிடம் இல்லை, டாக்டரிடம். "நாக்க நாக்க நீட்டி மூக்க நக்குச்சு. ரெண்டு தடவ கொட்டாவி விட்டுது. இவிய செருப்புச் சத்தம் கேட்டாலே அதுக்குக் கொட்டாவி வந்துரும் டாக்டர். தூக்கமில்ல. பயத்துல."

"கரெக்டா பாத்திருக்கீங்கம்மா" என்றாள் டாக்டர். "அதெல்லாம் பேச்சுதான். உறுமல் போச்சுன்னா அதுக்கு மிச்சம் இருக்கிற பேச்சு."

கொட்டாவியா? அவர் ஏசும்போது மூஞ்சிக்கு நேரே கொட்டாவி விடுகிறதே என்று அதற்கும் சேர்த்து இரண்டு போட்டிருக்கிறார். திமிர் என்றுதானே நினைத்தார், எவன்தான் நினைக்கமாட்டான்? அவர் கோமதி பக்கம் திரும்பினார். "நீ எங்கட்டி இருந்தே?" "அடுக்கள வாசல்ல." "பாத்துக்கிட்டா இருந்தே?" "ஆமா." "கடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?" அவள் மேலுதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு, சுவரில் தொங்கிய மாட்டுப்படத்தைப் பார்த்தாள். அதற்குள் டாக்டர் பைய நாயின் இடது காதை மடித்துப் பார்த்தாள், அது வீலென்று கத்தியது. உள்ளே சீழ். "எத்தன நாளா இப்பிடி?" "பதினோரு நாளு" என்றாள் கோமதி, "தலைய ஆட்டிக்கிட்டே கெடந்துது. இவியட்ட சொன்னேன்." சொன்னாளா? சொன்னாள். சொன்னது இப்போது முழுசாக ஞாபகம் வந்தது, காலைக் காப்பி, கையில் பேப்பர், "அது காது ஒரு மாதிரி இருக்கு, ஒரு எட்டு காட்டிட்டு வருவமா" என்றாள். "அந்த மூதி காதப் பாக்கதத் தவிர ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்றார். கையிலிருந்த பேப்பரை மேசையில் ஒரு அடி அடித்துவிட்டுச் சொன்னார். மேசையில்தான் அடித்தார். அவள் மேல் ஒரு நாளும் கை வைத்தவரில்லை, ஊரைக் கேட்டுப் பார்க்கலாம். சத்தம்தான் பெரிதாக இருக்கும். அந்தக் காதுப் பக்கம்தான் முந்தாநாள் கையை நீட்டியிருக்கிறார். சரி, அதற்காக? காது வலித்தால் கடிப்பதா? அவருக்கும்தான் முட்டி வலிக்கிறது, யாரைக் கடித்தார்?

"நீங்க ஒரு தடவ அதக் கூப்பிடுங்க சார். வீட்ல எப்பிடிக் கூப்பிடுவீங்களோ அப்பிடியே" என்றாள் டாக்டர். பரீட்சை வைக்கிறாள், அவருக்கு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏட்டி, வா இங்க" என்றார், ஹாஸ்டல் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரலில், அவருக்கு இருப்பது அந்த ஒரு குரல்தான். மிக்சர் வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்தது. வருகிற வழியெல்லாம் மூத்திரம் கோடாக வந்தது. கதவோரத்திலிருந்து கோமதியும் வந்தாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத்தான் தன்னை இல்லை என்று அவளுக்கு விளங்கியது, நின்றாள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தாள். டாக்டர் சின்னப்பெண், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் கார்டில் எதையோ எழுதினாள், எழுத ஒன்றும் இல்லாதபோதும் எழுதினாள். மூலையில் நின்ற ஆள் துடைப்பத்தோடு வந்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் எல்லாரையும் ஒரு வழி பண்ணியிருப்பார், சிரிக்காததற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் சூடாக இருந்தது. அவமானமா, கோபமா? கோபம்தான். கோபம் என்றே வைத்துக்கொண்டார்.

பத்து நாள் காதுக்கு மருந்து. பத்து நாள் அவர் அதைத் தொடக்கூடாது, அம்மா மட்டும் மருந்து விடட்டும். உறுமினால் அடிக்கக்கூடாது, உறுமினால் சந்தோஷப்படணும் சார், அது திரும்பப் பேச ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். இந்தப் பெண் அவருக்குப் பாடம் எடுக்கிறாள். "அதெல்லாம் வேண்டாம்மா. தோட்டத்துக்குக் குடுக்கப் போறேன். ஒரு பேப்பர் மட்டும் குடுத்துருங்க" என்றார். "தோட்டத்துல பிள்ளைக இருக்கா?" இருக்கிறது, இசக்கிப்பாண்டிக்கு மூன்று பேரப்பிள்ளைகள், அவர் சொல்லவில்லை. "கார்டுல இருக்கிற தடுப்பூசிக்குப் பேப்பர் தாரேன் சார். நல்ல நாய்னு தரமாட்டேன். உறுமாத நாயை இப்ப கைமாத்தாதீங்க" என்று கையெழுத்துப் போட்டு நீட்டினாள். நீட்டியது கோமதியிடம். வாங்கியதும் கோமதி. அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டுக்கு வெளியே இசக்கிப்பாண்டி குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்து, சாக்கு விரித்து, கயிற்றோடு நின்றான். "வாங்கண்ணாச்சி, இவ்வளவு நேரமா?" என்றான். ஆவுடையப்பன் விறுவிறுவென்று நடந்தார். ஊசி போட்ட பேப்பர் போதும், அந்தப் பிள்ளை என்ன கலெக்டரா, அவள் சொல்லுக்கு ஊர் நிற்குமா? தோட்டத்தில் கட்டிப் போட்டால் எந்தப் பிள்ளை கிட்டே போகப் போகிறது? போகும். பிள்ளைகள் போகும். போனால் அது கொட்டாவி விடும், மூக்கை நக்கும், மூஞ்சியைத் திருப்பும், அந்தப் பாஷை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. தெரியாததற்கு அவர் என்ன செய்வார், நாய்ப்பாஷை படித்துவிட்டா நாய் வளர்க்கிறார்கள்? வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் மிக்சர் நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. சங்கிலியை இழுத்தார், கழுத்துத் தோல் முன்னால் வந்தது, நாய் வரவில்லை. "தூக்கி உள்ள வைங்கண்ணாச்சி, ஒங்க நாய்தான, ஒங்களுக்கு என்ன பயம்" என்றான் இசக்கிப்பாண்டி, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. பயமா? யாருக்கு? அவர் சங்கிலியை வலதுகை விரலில் மாட்டிக்கொண்டு இடதுகையைக் கழுத்துப்பட்டைக்கு நீட்டினார். நாய் முகத்தைத் திருப்பியது. நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது. இதைத்தான் அவர் நாலு வருஷமாகப் பார்த்திருக்கிறார், தினமும் பார்த்திருக்கிறார், கண்ணுக்கு நேராக, பட்டப்பகலில், இன்றைக்குத்தான் பார்க்கிறார். பார்த்தும் கை நிற்கவில்லை. கைக்கு அது பழக்கமில்லை.

"தொடாதீய."

சத்தமாகச் சொல்லவில்லை. தொண்டைக்குக் கீழேயிருந்து வந்தது. நாய் உறுமிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார், பின்னால் பார்த்தால் கோமதி. அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். மரத்தை இல்லை, சுவரை இல்லை, மாட்டுப்படத்தை இல்லை, நேராக அவர் முகத்தை. உதடு காய்ந்திருந்தது, நக்கிக்கொள்ளவில்லை. எதிர்த்துப் பேசுகிறாயா, நடுரோட்டில், இவன் முன்னால், என் சோற்றைத் தின்றுவிட்டு, ஆமாம் சோறு யார் போட்டது, ஏட்டி, நாயை அனுப்பினால் ஒன்னையும் என்று உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கை ஒரு பேப்பருக்காகத் துழாவியது, பேப்பர் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு பயம் நுழைந்தது. அடித்தால் இது போய்விடும். இந்தச் சத்தம் போய்விடும், இன்னும் ஒரு முப்பது வருஷத்துக்கு வராது, அவள் தோசையைத் திருப்பிப் போடுவாள், சட்னி வைப்பாள், ஒரு புதன்கிழமை எழுந்து பார்த்தால் அடுக்களையில் யாரும் இருக்கமாட்டார்கள், யாராவது வந்து முன்கூட்டி ஏதாவது சொன்னாளா என்று கேட்பார்கள், இல்லை என்று சத்தியமாகச் சொல்லுவார்.  கோபம் எங்கேயும் போய்விடவில்லை, அப்படியே நெஞ்சில் நின்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கையை மட்டும் எடுத்துக்கொண்டார். கோமதி வந்து, கட்டுப்போட்ட கையின் விரலிலிருந்து சங்கிலியைக் கழற்றினாள், புண்ணில் படாமல் கழற்றினாள், நாயைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

"என்ன அண்ணாச்சி, நாயி கெடையாதா?" என்றான் இசக்கிப்பாண்டி, கையில் கயிற்றோடு.

"இல்ல வே. வீட்ல வேண்டாம்னு சொல்லுதாவ."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சொல்லுதா என்றுதான் வந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அவள் வாரா, போறா, சொல்லுதா தான். கலெக்டர் வாராவ, டாக்டர் சொல்லுதாவ, அது மரியாதை, சரி, பெண்டாட்டிக்கு யார் அப்படிச் சொல்லுவான்? இசக்கிப்பாண்டி கவனித்த மாதிரித் தெரியவில்லை, சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தான். கேட்காமல் கொள்ளாமல் அந்த ஒரு 'வ' எங்கேயிருந்து வந்து கடைசியில் ஒட்டிக்கொண்டது என்று ஆவுடையப்பனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.